நாக்கில் பாதியை எடுத்த பிறகு பழையபடி பேசவும் சாப்பிடவும் முடியுமா?

பேச்சு வரும். சாப்பாடும் இறங்கும். அப்படியே பழையபடி இருக்குமா என்றால், இருக்காது. ஆனால் வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம், பஸ்ஸில் இடம் சொல்லி டிக்கெட் எடுக்கலாம், போனில் பேசலாம். இதையெல்லாம் இன்று நான் செய்கிறேன்.

உங்கள் அப்பா நாக்குப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து மூக்கில் டியூப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறார், கதிர்வீச்சு இனிமேல்தான், யாரோடும் பேச முயற்சிகூட செய்யவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நிலைமையில் நானும் இருந்தேன். எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், ரப்பர் மரத்தில் பால்வெட்டுதான் தொழில். நாக்கின் இடது பக்கம் ஏறக்குறைய பாதியை எடுத்தார்கள். இடது கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். முன்கையிலிருந்து தோலை அதன் இரத்தக்குழாயோடு எடுத்து, நாக்கில் குறைந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள்.

அந்தத் தோலைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருப்பது நல்லது. அது இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். ருசி அறியாது, தானாக அசையாது, சூடும் சரியாக உறைக்காது. அதனால் கஞ்சியை முதலில் உதட்டில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் விட வேண்டும். கையில் இருந்த முடி வாய்க்குள் முளைப்பதும் உண்டு. எனக்கு முளைத்தபோது வீட்டுக்காரி பயந்து போனாள். பெரும்பாலும் கதிர்வீச்சில் அது உதிர்ந்துவிடும். அசைகிற வேலை முழுவதையும் மிச்சமிருக்கும் சொந்த நாக்குதான் பார்க்க வேண்டும். வெளிக்காயம் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். நாக்கு பழகுவதற்கு மாதக்கணக்கு ஆகும். காயம் ஆறியதும் ‘இனி தானாகச் சரியாகிவிடும்’ என்று பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். நான் சொல்ல வந்ததே இதைத்தான்: விடாதீர்கள்.

டியூப் இருக்கும்வரை அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றி அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. மூக்கருகில் டியூப்பில் போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். வாய்வழி எப்போது கொடுக்கலாம் என்பதை விழுங்கும் பயிற்சி தருகிற தெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும். பாவமாக இருக்கிறதே என்று வீட்டில் ஒரு மடக்கு காப்பி கொடுத்துவிடாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோகும்.

எனக்கு ஒரு ஸ்பூன் தண்ணீரில் ஆரம்பித்தார்கள். தலையை நல்ல பக்கமான வலது பக்கம் சாய்த்து, உணவையும் அந்தப் பக்கமே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கி, மூச்சு இழுக்கும் முன் ஒரு இருமல் இருமி, மறுபடி விழுங்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் இப்படித்தான். உங்கள் அப்பாவுக்கு எந்த முறை, சாப்பாடு எவ்வளவு கட்டியாக இருக்கலாம் என்பது அவருக்கு எடுத்த இடத்தைப் பொறுத்தது, அவருடைய தெரபிஸ்ட் சொன்னபடி செய்யுங்கள். விழுங்க அனுமதி வந்த பிறகு எனக்குக் கைகொடுத்தது, பிள்ளைகளுக்குக் காய்ச்சுகிற ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடிதான். கருப்பட்டியும் பாலும் சேர்த்துத் தளர்வாகவோ கட்டியாகவோ வேண்டிய பதத்தில் காய்ச்சிக்கொள்ளலாம், வழுக்கிக்கொண்டு இறங்கும். பிறகு பயறு சேர்த்து மசித்த சம்பாக் கஞ்சி, மசித்த மட்டிப்பழம், அரைவேக்காட்டில் விடாமல் நன்றாக வேகவைத்துக் குழைத்த முட்டை. மரச்சீனிக் கிழங்கை வெறுமனே சாப்பிட்டால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; எரிவில்லாத மீன்குழம்புச் சாற்றில் குழைத்தால் போகும். உதிரிச் சோறுதான் கடைசியில் வசப்பட்டது. பருக்கை இடது ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதை எடுக்க நாக்கு அங்கே எட்டாது. சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடி முன் நின்று விரலால் எடுத்துக் கொப்பளிப்பது இன்றும் என் பழக்கம். கல்யாண வீட்டில் இதற்காக எழுந்து போக நான் கூச்சப்படுவதில்லை, உங்கள் அப்பாவும் கூச்சப்பட வேண்டாம்.

பேச்சுக்கு வருவோம். ப, ம, வ எல்லாம் உதட்டு வேலை, சீக்கிரம் தெளிந்துவிடும். த, ந, ல, ற, ழ எல்லாம் நாக்கு நுனியைக் கேட்பவை, அவற்றில்தான் பாடு. பஸ்ஸில் ‘குழித்துறை’ என்று சொல்லிப் பாருங்கள், ழி, த்து, றை என்று அடுத்தடுத்து வரும். கண்டக்டர் திரும்பத் திரும்பக் கேட்க, பின்னால் இருக்கிறவர்கள் எட்டிப் பார்க்க, சில்லறையை நீட்டியபடி நான் நின்றிருக்கிறேன். தெரபிஸ்ட் சொல்லித்தந்தது, வேகத்தைக் குறைப்பது, வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு அசையாகப் பிரிப்பது, சின்ன வாக்கியமாகப் பேசுவது. தினமும் கண்ணாடி முன் செய்தித்தாளைச் சத்தம்போட்டு வாசித்தேன். ழ இன்றும் முழுதாக வரவில்லை, ஆனாலும் குழித்துறைக்கு ஒரே தடவையில் டிக்கெட் கிடைக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது. நாம் முந்திக்கொண்டு வாக்கியத்தை முடித்துக் கொடுத்தால், இரண்டு நாளில் அவர் பேசுவதையே நிறுத்திவிடுவார். டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேளுங்கள்.

கழுத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தோள் இறங்கிப் போவதுண்டு. தோளைத் தூக்குகிற நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. எனக்கு ரப்பர் மரத்தின் மேல்பட்டையில் வெட்டக் கை எழவில்லை. சுவரில் விரல்களை ஊர்ந்து ஊர்ந்து ஏற்றுகிற பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தார். சில மாதத்தில் கை தலைக்கு மேல் போனது.

கதிர்வீச்சு பெரும்பாலும் வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் இருக்கும். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாய் வெந்து, ருசி செத்து, எச்சில் பிசினாகும். அந்த நாட்களில் பட்டினி கிடக்காமல் எடையைக் காப்பாற்றுங்கள், தேவைப்பட்டால் டியூப்பை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பதில் தவறில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்கலாம். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். வலிக்கிறது என்று வாய் திறக்கும் பயிற்சியை மட்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் தாடை இறுகும், இறுகியதைத் திரும்ப நெகிழ்த்துவது பெரும்பாடு. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையில் வைத்து, டாக்டர் சொன்னபடி ஒவ்வொன்றாகக் கூட்டினேன். நெட்டுக்குத்தாக மூன்று விரல் நுழைய வேண்டும் என்பது எங்கள் வார்டில் எல்லாரும் வைத்திருந்த அளவு.

அப்பா முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போடுகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. நம் மாவட்டத்துக்கு இந்த நோய் புதிதில்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவர் ஐ. எம். ஓர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933-லேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். நாம் திருவிதாங்கூரில் இருந்த காலம் அது. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு போட்டால் ஒன்றும் செய்யாது என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது. வெற்றிலைச் செல்லத்தை வீட்டைவிட்டே எடுத்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. கதிர்வீச்சைப் பொதுவாக ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் தொடங்குவார்கள், அதனால் தேதி வாங்கியாச்சா என்று பாருங்கள். நாகர்கோவிலோ நெய்யூரோ திருவனந்தபுரமோ, எங்கே என்றாலும் அங்கே கூட்டம் இருக்கும், நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிடுங்கள். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம்; வருஷங்கள் கழித்தும் கதிர்வீச்சு டாக்டரைக் கேட்காமல் பல்லில் கைவைக்கக் கூடாது. சிகிச்சை முடிந்த பிறகு முதல் இரண்டு வருஷம் செக்கப் ஒன்றைக்கூட விட வேண்டாம், திரும்ப வந்தால் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் வரும். தைராய்டு இரத்தப் பரிசோதனையையும் அப்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கழுத்தில் புதிதாகக் கட்டியோ, வாயில் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ கண்டால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.