பரணில் இருப்பவருக்கும் தூக்கம் வரும்: விழித்திருப்பது பற்றிய கேள்விகளும் பதில்களும்

கால போக நெல் (மாரி மழையில் விளைவது) கதிர் தள்ளுகிற நாட்களில், இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் இரவில் வயலில்தான் இருப்பார்கள். பன்றிக்கும் யானைக்கும் காவல். அதனாலோ என்னவோ, "விழித்திருங்கள்" என்று இயேசு சொன்னதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் இத்தனை கேள்விகள் வந்துவிட்டன. நான் வயல் செய்கிறவன். ஞாயிறுகளில் வேதம் போதிக்கிறவன். அறிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, பகல் முழுக்கக் கூலி வேலை. இரவில் ஜெபிக்க முழங்காலில் நின்றால் அப்படியே தூங்கிப் போகிறேன். 2009இல் காணாமல் போன என் கணவரை நினைத்து அழுதபடியே தூங்குகிற நாட்களும் உண்டு. நான் விழிப்பில்லாதவளா?

இல்லை தங்கச்சி. இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்தில் சீடர்கள் தூங்கியதை மத்தேயுவும் மாற்கும் எழுதியிருக்கிறார்கள். ஏன் தூங்கினார்கள் என்பதற்கு லூக்கா மட்டும் ஒரு காரணம் சேர்க்கிறார்: துக்கத்தினால் தூங்கினார்கள் என்கிறார். மருத்துவர் அல்லவா, அவருக்குத் தெரிந்திருக்கிறது. அழுது அழுது களைத்த உடம்பு எப்படிச் சரியும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இயேசு அவர்களை எழுப்பினார், ஜெபிக்கச் சொன்னார். ஆவி உற்சாகமுள்ளது, மாம்சம்தான் பலவீனமுள்ளது என்று அவர்கள் நிலையைப் புரிந்துகொண்டும் பேசினார்.

எலியா தீர்க்கதரிசியையும் பாருங்கள். சாக வேண்டும் என்று கேட்டுவிட்டு சூரைச்செடியின் கீழ் படுத்துத் தூங்கினான். தேவதூதன் வந்து திட்டவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் தூங்கினான். தேவதூதன் இரண்டாம் தடவையும் வந்து சாப்பிடச் சொன்னான். ஆகவே முதலில் வயிறாறச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கிற நேரத்தை ஜெப நேரமாக்குங்கள். உங்கள் கணவரைப் பற்றிய கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். "எதுவரைக்கும் கர்த்தாவே" என்று தாவீதே 13ஆம் சங்கீதத்தில் கேட்டிருக்கிறான். பதில் வராத கேள்வியோடு வருடக்கணக்காகக் கடவுள் முன் நிற்கிறீர்களே, உங்களை விழிப்பில்லாதவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி: யூடியூப்பில் ஒரு போதகர் இயேசு வரும் வருடத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறார். படிப்பை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன்.

அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு யாரும் அறியார் என்று மத்தேயு 24:36 சொல்கிறது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி வேதத்தை வைத்துக் கணக்குப் பார்த்துப் பிரசங்கித்தார். அவர் வழி வந்தவர்கள் கடைசியில் 1844 ஒக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சிலர் அறுவடையைக்கூட விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த நாள் கடந்து போனது. எத்தனை பேருடைய விசுவாசம் அதோடு உடைந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. தெசலோனிக்கே சபையாரில் சிலர் வேலை செய்யாமல் அலைந்தபோது, வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதினார். படிப்பை முடியுங்கள் தம்பி. எஜமான் வரும்போது உண்மையுள்ள ஊழியக்காரன் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தான் என்றுதான் உவமை சொல்கிறது.

பரந்தனிலிருந்து ஒரு நெல் வியாபாரி: மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு பிடிப்பது இங்கே வழக்கம். நான் பிடிக்காவிட்டால் நட்டம். இதற்கும் விழிப்புக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் இருக்கிறது அண்ணா. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது நீதிமொழிகள். சாக்கின் எடையைக் கழிப்பது நியாயம். ஒரு வெறும் சாக்கை உங்கள் தராசிலேயே போட்டுப் பாருங்கள். இரண்டு கிலோ வராது. நெல் ஈரம் என்றால் ஈரம் என்று சொல்லி விலையைக் குறைத்துப் பேசுங்கள். அதை விவசாயி தாங்குவான். வாயால் சொல்லாமல் எடையில் எடுப்பதைத்தான் அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லி வேதனைப்படுகிறான். கொஞ்சத்தில் உண்மையாயிருப்பதைப் பற்றி இயேசு பேசியதும் பணத்தை வைத்துத்தான்.

விசுவமடுவிலிருந்து: கசிப்பை (கள்ளச் சாராயத்தை) விட்டு ஒரு வருடம். போன மாதம் மறுபடியும் விழுந்துவிட்டேன். சபைக்குப் போக முகமில்லை.

"விழித்திருங்கள், பிசாசு சிங்கம்போல் சுற்றித்திரிகிறான்" என்று எழுதியது யார்? பேதுரு. கெத்செமனேயில் தூங்கி, அதே இரவில் சேவல் கூவுமுன் இயேசுவை மூன்று தரம் மறுதலித்த பேதுரு. விழுந்து எழும்பிய மனிதன் உங்களுக்கு எழுதிய கடிதம் அது. இந்த ஞாயிறே சபைக்குப் போங்கள்.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். யானை வேலி முழுவதையும் முட்டிப் பார்ப்பதில்லை. கம்பி தளர்ந்த இடத்தைக் கண்டால் அங்கேதான் மறுபடியும் மறுபடியும் வரும். உங்களுக்குக் கம்பி தளர்ந்த இடம் எது? சம்பள நாளா, வீடு திரும்பும் பாதையா, கூட வருகிற ஒருவரா? அதைக் கண்டுபிடித்து, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அந்த நேரத்தில் உங்களுக்கு ஃபோன் எடுக்கச் சொல்லுங்கள். உடம்பு நடுங்கினால், நித்திரை வராவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். அதில் வெட்கம் இல்லை.

மாங்குளத்திலிருந்து ஒரு கத்தோலிக்க அம்மா: ஆவணி (ஓகஸ்ட்) 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தால் இரண்டு கிழமை மனம் நிறைந்திருக்கும். பிறகு பழையபடி ஆகிவிடுகிறது.

மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னியர் உவமையில் புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கினார்கள் அம்மா. பலர் இதைக் கவனிப்பதில்லை. வித்தியாசம் எண்ணெயில் இருந்தது. அதை அவர்கள் முன்னமே பாத்திரத்தில் எடுத்து வைத்திருந்தார்கள். மடுவிலிருந்து கொண்டுவந்த நிறைவு குறைவது இயல்பு. வீட்டில் இரவுச் செபமாலையை, பிள்ளைகள் இருவர் மட்டும் சேர்ந்தாலும், விடாமல் சொல்லுங்கள்.

அக்கராயனிலிருந்து ஒரு பெரியவர்: பதுங்குகுழிக்குள் இருந்தபோது ஜெபித்ததுபோல இன்று ஜெபிக்க முடியவில்லை. கல்வீடு வந்தது, மின்சாரம் வந்தது, மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறான். கடவுளை மறந்துவிட்டேனோ?

ஐயா, இந்தக் கேள்வி எனக்கும் உண்டு. அன்று ஷெல் சத்தம் கேட்டால் ஜெபம் தானாக வந்தது. அந்த விழிப்பைப் பயம் கொடுத்தது. பயம் போனதும் அதுவும் போய்விட்டது. அதற்காக அன்றைய ஜெபங்களைப் பொய் என்று நினைக்க வேண்டாம். ஆனால் உபாகமம் 8ஆம் அதிகாரம் பேசுவது இன்றைய நம் நிலையைத்தான். நீ சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டிக் குடியேறும்போது உன் தேவனாகிய கர்த்தரை மறவாதபடி எச்சரிக்கையாயிரு என்று மோசே சொல்கிறான். வனாந்தரத்தில் நாற்பது வருடம் தப்பிய சனத்துக்கு அவன் கண்ட ஆபத்து, கல்வீடு.

நான் செய்வது இது: மின்விளக்கைப் போடுகிற ஒவ்வொரு மாலையும், விளக்கில்லாத ஓர் இரவையும் அன்று அருகில் இருந்த ஒருவரின் பெயரையும் நினைத்து நன்றி சொல்கிறேன். சில நாள் அழுகை வரும். பரவாயில்லை. மகன் அனுப்பும் காசில் ஒரு பங்கை, வீடு இன்னும் முடியாத அயலவருக்குக் கொடுத்துப் பாருங்கள். எனக்கு ஜெபம் திரும்பி வந்தது அந்த வழியால்தான்.

ஒட்டுசுட்டானிலிருந்து: வயல் காவலில் டோர்ச் வெளிச்சத்தில் வேதம் வாசிக்க முடியவில்லை. என்ன செய்யலாம்?

130ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்யுங்கள். எட்டே வசனம், ஓர் இரவுக்கு ஒன்று போதும். விடியலுக்காகக் காத்திருக்கிற ஜாமக்காரரைப் பற்றிய வரி ஆறாம் வசனத்தில் வரும். அந்த இரவில் மட்டும் இரண்டு தரம் சொல்லுங்கள்.