மழலையர் பள்ளியில் விளையாட்டு, இயற்கை, டிஜிட்டல் கற்றல் மூன்றுக்கும் சேர்த்து இடம் அமைப்பது எப்படி? எங்கிருந்து தொடங்குவது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் கையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு வரைபடம் இருக்கும். ஒரு கட்டத்தில் ‘ஸ்மார்ட் அறை’, இன்னொன்றில் ‘விளையாட்டுத் திடல்’, மிஞ்சிய மூலையில் பச்சை பூசி ‘தோட்டம்’. உங்களுடையதும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டங்களை அழித்துவிட்டு, மண்ணும் தண்ணீரும் எங்கே வரும் என்று முதலில் குறியுங்கள். திரையைத் திறப்பு விழாவுக்கு முந்தின நாள்கூட மாட்டிவிடலாம். வடிகாலை அப்படிப் போட முடியாது.

முதலில் மணல் குழி. சுலபமான வேலை போலத் தெரியும், ஆனால் அதிகம் சொதப்புவது இதில்தான். மணல் மட்டும் 40 செ.மீ. ஆழம் வேண்டும். அதன் அடியில் 10 செ.மீ. சரளைக்கல், இரண்டுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மணலை நிறுத்தும் வடிகட்டித் துணி). துணியில் மிச்சம் பிடித்தால் மணல் சரளைக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். அடுத்த பெருமழையில் குழி குட்டையாகிவிடும். அடிமண் களிமண்ணாக இருந்தால் சரளைக்குள் துளையிட்ட குழாய் ஒன்றைச் சரிவாக வெளியே கொண்டுபோக வேண்டும். மணல் கழுவியதாக, பருக்கை உருண்டையாக இருக்கட்டும். கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வேண்டாம், கூராக இருக்கும், தூசியும் பறக்கும். வாங்கும்முன் ஒரு பிடியை நனைத்து அழுத்திப் பாருங்கள். கையை விரித்தபின் பிடி உதிராமல் நின்றால் அதில் குழந்தை வீடு கட்டலாம், சுரங்கம் தோண்டலாம். விளிம்பை 25 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலத்துக்குக் கட்டினால் அதுவே உட்காரும் திண்ணை. டச்சுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் ஆம்ஸ்டர்டாமில் நூற்றுக்கணக்கில் அமைத்த விளையாட்டிடங்களில், மணல் தொட்டிக்கு அகலமான கான்கிரீட் விளிம்பு வைத்தது இதே எண்ணத்தில்தான். பூனைக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், ஈரம் தங்கி நாறும். வலை போதும்.

தண்ணீர்க் குழாய் ஐந்தாறு மீட்டருக்குள் இருக்க வேண்டும். தூரமானால் ஆசிரியை இரண்டாம் வாரமே தண்ணீர் விளையாட்டை நிறுத்திவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அழுத்தினால் சிறிது நேரம் ஓடித் தானே நிற்கும் குழாய் நல்லது. தண்ணீர் ஓட வேண்டும், தேங்கக் கூடாது: சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே சிறு குழந்தை மூழ்கிவிடும். குழிக்கும் வகுப்பறைக் கதவுக்கும் நடுவே இரண்டு மீட்டருக்குக் கம்பி வலைத் தளமோ முரட்டு மிதியடியோ போடுங்கள். இது இல்லாவிட்டால் மணல் வகுப்புக்குள் வரும், தரை வழுக்கும், பெருக்குகிற அம்மா முறையிடுவார், ஒரு நாள் குழி பூட்டப்படும்.

ஏறி விளையாடும் சாதனங்களுக்கு ஒரு அளவுகோலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். 89 மி.மீ.க்கும் 229 மி.மீ.க்கும் இடைப்பட்ட எந்த இடைவெளியும் ஆபத்து: காலை முதலில் நுழைத்தால் உடல் போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். ஒன்று அதைவிடக் குறைய, இல்லையேல் அதைவிட அதிகம். சுற்றிலும் 1.8 மீட்டர் வெற்றிடம் விடுங்கள். தரைக்கு, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு சொல்வது: 9 அங்குல மரச்சீவல் 10 அடி உயர வீழ்ச்சியைத் தாங்கும், அதே 9 அங்குல மணல் 4 அடியைத்தான் தாங்கும். அமுங்கிய பிறகு 9 அங்குலம் என்பதால் கொட்டும்போது 12 வேண்டும். ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கின் முடிவிலும் கால் பட்டுப்பட்டுப் பள்ளமாகும். நிரப்ப வேண்டிய மட்டத்துக்குத் தூணில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் அளவு குறைவது கண்ணுக்குத் தெரியும். உலோகச் சறுக்கையும் ரப்பர் தளத்தையும் உச்சி வெயிலில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நிழல் வேண்டும். (‘குழந்தைகளை ஏறவே விடக்கூடாது’ என்று பின்னூட்டம் வரும். சாதனத்தை எடுத்துவிட்டால் மேசை மேல் ஏறுவார்கள், அங்கே மரச்சீவல் கிடையாது.)

செடிகளில் முதலில் வேண்டாதவை: அரளி, ஆமணக்கு, ஊமத்தை, குண்டுமணி, தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் டிஃபன்பேக்கியா. ஐந்துமே நஞ்சு, அதிலும் குண்டுமணி விதை பொறுக்கிச் சேர்க்கத் தூண்டும் அழகு. பாத்தி ஒரு பக்கம் மட்டும் எட்டும்படி இருந்தால் அகலம் 45 செ.மீ., இரு பக்கமும் எட்டினால் 90. அதைத் தாண்டினால் நடுவில் விதைத்ததைப் பிடுங்க மிதித்துக்கொண்டுதான் போவார்கள். முளைக்க ஒரு மாதம் ஆகும் விதையைக் கொடுக்காதீர்கள். முள்ளங்கி ஒரு வாரத்துக்குள் தலை காட்டிவிடும்.

இனி டிஜிட்டல். நான் திரைக்கு எதிரி அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. வீட்டில் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான் வரும். சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு வைத்துப் பார்த்தார்கள் (2015-ல் வெளியான ஆய்வு). மூன்றாண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அவர்களில் 30.4 சதவீதம், மற்றவர்களில் 39.5. ஆகவே இந்த வயதுக்குத் தனி ‘ஸ்மார்ட் அறை’ வீண். கருவிகளைத் தோட்டத்துக் கதவோரம் வையுங்கள்.

அங்கே 50 செ.மீ. உயர மேசை, ஸ்டாண்டோடு ஒரு யுஎஸ்பி நுண்ணோக்கி, வெள்ளைத் தட்டு, சன்னலுக்குச் செங்குத்தாகத் திரும்பிய ஒரு திரை. பெட்டியில் 1000 மடங்கு என்று போட்டிருப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள், 20 முதல் 50 மடங்கு போதும். தோட்டத்தில் எடுத்த இலையைக் குழந்தை தட்டில் வைக்கும். அடியில் ஒட்டியிருந்த அசுவினிப் பூச்சி திரையில் காலை ஆட்டும். அடுத்த நிமிடம் குழந்தை இன்னொரு இலைக்கு ஓடும். பொத்தானை அழுத்தி வழி சொன்னால் தரையில் ஓடும் பீ-பாட் என்ற பொம்மை ரோபோ வாங்கினால், அது ஒரு நகர்வுக்கு 15 செ.மீ. போகும் என்பதால் கட்டங்களையும் அதே அளவில் வரையுங்கள். டைல்ஸ் இணைப்பு ஆழமாக இருந்தால் வழி விலகும், மூன்றாவது கட்டத்திலேயே குழந்தை கணக்குத் தப்பென்று நினைத்துவிடும். பொத்தான் பேட்டரி உள்ள எதுவானாலும் அதன் மூடி திருகாணி போட்டதாக இருக்கட்டும்: விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். ப்ரொஜெக்டர் வேண்டுமென்றால் சுவரை ஒட்டி மேலே மாட்டும் குறுந்தொலைவு வகை. சாதாரண வகையில் பிள்ளைகள் முன்னால் போய் நின்று வெளிச்சத்துக்குள் நேராகப் பார்ப்பார்கள்.

கேள்வியில் இல்லாதது ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. சுவர் முழுக்கக் கார்ட்டூன் வரைவதை யார் ஆரம்பித்து வைத்தார்களோ! கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அலங்காரம் நிறைந்த வகுப்பில் மழலையர் 38.6 சதவீத நேரம் பாடத்திலிருந்து கவனம் சிதறினார்கள், வெறுஞ்சுவர் வகுப்பில் 28.4. வெறும் 24 குழந்தைகள்தானே என்பீர்கள், சரி. ஆனாலும் பெயின்டர் படம் வரைந்த சுவரில் குழந்தையின் படத்தை ஒட்ட இடமே இருக்காது. தரையிலிருந்து 60 செ.மீ. முதல் 110 செ.மீ. வரை உள்ள பட்டையை வெறுமையாக விட்டு, மென்பலகை அறைந்துவிடுங்கள். அவர்கள் கண் படுவது அந்த உயரத்தில்தான்.