ஸ்டார் போட்டவர்கள் வேலைக்கு வரவில்லையே, அம்மா!

கணினித் திண்ணை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அம்மா, நாங்கள் மூன்று நண்பர்கள். ஜவுளி வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறோம். அதற்காகப் பைத்தான் மொழியில் எழுதிய எங்கள் வெப் ஃபிரேம்வொர்க்கை (இணையதளம் கட்டுவதற்கான பொதுவான அடிச்சட்டம்), யாரும் எடுத்துப் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸாக, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்துவிட்டோம். நானூறு பேருக்கு மேல், பிடித்திருக்கிறது என்று ஸ்டார் போட்டிருக்கிறார்கள். ஆனால் நிரல் எழுதித் தர ஒருவரும் வரவில்லை. நிரலர் சமூகத்தை எப்படி வளர்ப்பது? (ஈரோட்டு வாசகர்)

பதில்: ஸ்டார் போடுவது, கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு 'கட்டாயம் வருகிறேன்' என்று சொல்வதைப் போன்றது. நீங்கள் நானூறு பேருக்கும் இலை போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அன்றாட வேலைக்காகச் செய்துகொண்ட ஒன்று உலகமெங்கும் பரவியதற்கு, உங்களுடையதைப் போலவே பைத்தானில் எழுதிய ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க் நல்ல உதாரணம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊர். அங்கே 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்ற உள்ளூர் நாளிதழின் இணையப் பிரிவில் 2003-இல் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த இளைஞர் சைமன் வில்லிசனும் வேலை பார்த்தார்கள். செய்திப் பிரிவு காலையில் ஒன்றைக் கேட்கும். மாலைக்குள் அது இணையத்தில் வந்தாக வேண்டும். நானும் ஒரு நாளிதழின் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவள்தான். அந்தக் கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து எழுதினால் கட்டுப்படியாகாது என்று பொதுவான பகுதிகளைப் பிரித்து வைத்தார்கள். அதை 2005 ஜூலையில், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் பிஎஸ்டி உரிமத்தோடு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

திறந்துவிட்டு அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தக் குழுவில் சேர்ந்திருந்த ஜேக்கப் கப்லன்-மாஸ் ஆவணம் எழுதுவதை நிரல் எழுதுவதற்குச் சமமான வேலையாக நடத்தினார். புதிதாக வருபவர் கைப்பிடித்து நடக்க, ஒரு வாக்கெடுப்புச் செயலியை அடி அடியாகச் செய்யும் பாடம் இருந்தது. இன்றும் அதே பாடம்தான், காலத்துக்கேற்பத் திருத்தங்களோடு. புதிய வசதி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அதற்கான சோதனைகளும் ஆவணமும் சேர்ந்தே வர வேண்டும் என்பது அங்கே விதி.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் அறிமுகக் கோப்பான ரீட்மீயைத் திறந்து படித்தேன். நிறுவும் முறை இரண்டு வரி. அதற்குக் கீழே, 'விரிவான விளக்கம் விரைவில்'. அந்த 'விரைவில்' போட்டு ஓர் ஆண்டுக்கு மேலாகிறது, தம்பி. இன்னொன்று: ஒருவரும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வந்திருக்கிறார்கள். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தி ஒருவர் புல் ரிக்வெஸ்ட் (இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பியிருக்கிறார். விண்டோஸில் நிறுவினால் பிழை வருகிறது என்று இன்னொருவர், பிழைச் செய்தி முழுவதையும் ஒட்டி, அக்கறையோடு எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் இன்று வரை உங்களிடமிருந்து ஒரு வார்த்தை பதில் இல்லை. எழுத்துப்பிழைதானே என்று விட்டிருப்பீர்கள். முதல் முறை வருபவர் பெரும்பாலும் எழுத்துப்பிழையோடுதான் வருவார். இந்த வீட்டில் ஆள் இருக்கிறதா என்று அப்படித்தான் தட்டிப் பார்ப்பது.

ஜாங்கோவில் மால்கம் டிரெடின்னிக் என்று ஓர் ஆஸ்திரேலியர் இருந்தார். முக்கிய நிரலர்களில் ஒருவர். ஆனால் பலர் அவரை நினைவில் வைத்திருப்பது, யாரோ முகம் தெரியாத புதியவரின் கேள்விக்கு அவர் பொறுமையாக எழுதிய நீளமான பதில்களுக்காக. 2013-இல் காலமானார். அவர் நினைவாக ஜாங்கோ அறக்கட்டளை ஒரு பரிசை ஏற்படுத்தியது. நிறைய நிரல் எழுதியவருக்கு அல்ல. புதியவர்களை வரவேற்று, கைகொடுத்து, வளர்த்துவிட்டவருக்கு அந்தப் பரிசு. ஒரு கூட்டம் எதை மதிக்கிறது என்பதை அது கொடுக்கும் பரிசில் பார்க்கலாம்.

சலிப்பூட்டும் வேலைகளையும் அவர்கள் பிரித்துக் கொடுத்தார்கள். பிழைப் பதிவு ஒன்று வந்தால் அது உண்மையான பிழைதானா, ஏற்கெனவே வந்ததா என்று சலித்துப் பார்ப்பதற்கு எந்தப் பதவியும் வேண்டியதில்லை, யாரும் செய்யலாம். ஆனால் தன் திருத்தத்தைத் தானே 'சேர்க்கத் தயார்' என்று குறிக்கக் கூடாது. இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அங்கே ஓர் ஒப்பந்தம் புழங்கியது: நீங்கள் மற்றவர்களின் ஐந்து பதிவுகளைச் சரிபார்த்துக் கொடுத்தால், மூத்த நிரலர் ஒருவர் உங்களுடைய ஒன்றைப் பார்ப்பார். இதை அப்படியே காப்பி அடிக்கலாம். யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வேலைகள்: எந்தப் பதிவு வந்தாலும் இரண்டு நாளுக்குள் பதில். 'பார்த்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை படிக்கிறேன்' என்றாலும் போதும். அரை மணி நேரத்தில் முடியும் பிழைகளை நீங்கள் மூவரும் திருத்தித் தீர்த்துவிடாதீர்கள். எந்தக் கோப்பில், ஏறக்குறைய எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று எழுதி, புதியவர்களுக்காக விட்டுவையுங்கள். உங்களுக்குள் அலைபேசியில் பேசி முடிவெடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். முடிவை மட்டும் பார்க்கும் வெளியாளுக்கு, அங்கே தனக்கு இடமில்லை என்று தோன்றிவிடும். ஏன் இப்படிச் செய்தோம், எதை ஒதுக்கினோம் என்பதைப் பொதுவில் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி நிரலர் மன்றம் ஒரு ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க்குக்கு ஆதரவு திரட்டுகிறது. போட்டி வைத்து டி-ஷர்ட் கொடுத்தால் கூட்டம் சேருமா? (மதுரை வாசகர்)

பதில்: சேரும். டி-ஷர்ட்டுக்கு.

டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் ஆண்டுதோறும் அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நடத்துகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர்களுக்கு டி-ஷர்ட் கொடுத்தார்கள். 2020-இல் என்ன நடந்தது? ரீட்மீயில் ஒரு சொல்லைச் சேர்ப்பது, ஒரு ஆச்சரியக்குறியைப் போடுவது என்று ஆயிரக்கணக்கில் குப்பை வந்து கொட்டியது. சம்பளமில்லாமல் வேலை பார்க்கும் பராமரிப்பாளர்கள் அந்த வாரம் முழுவதும் குப்பை அள்ளினார்கள். விருப்பம் தெரிவிக்கும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டியிருந்தது. 2023-இல் டி-ஷர்ட்டே நின்றுபோனது.

செலவழிக்கக் காசு இருந்தால் ஜாங்கோ கேர்ள்ஸைப் பாருங்கள். ஓலா சிடார்ஸ்கா, ஓலா செண்டெக்கா என்ற இரு பெண்கள் 2014-இல் பெர்லினில் தொடங்கியது. நிரலே எழுதியிராத பெண்களுக்கு இலவசப் பயிலரங்கு. மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பாடத்தை யாரும் எடுத்துத் தங்கள் ஊரில் நடத்தலாம். அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. காசை மதிய உணவுக்கும் வழிகாட்டிகளின் பஸ் கட்டணத்துக்கும் செலவழியுங்கள்.

கேள்வி: அம்மா, நான் மூன்றாம் ஆண்டு மாணவி. ஆங்கிலம் தடுமாறும். என்னைப் போன்றவள் ஜாங்கோவுக்குப் பங்களிக்க முடியுமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: முடியும், கண்ணு. ஜாங்கோவின் ஆவணத்தில் முதல் பங்களிப்புக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. அதில், 'டோஸ்ட்' செய்து தரும் வசதி வேண்டும் என்று ஒரு கற்பனைக் கோரிக்கையை வைத்துக்கொண்டு, சோதனை எழுதுவது, நிரல் எழுதுவது, ஆவணம் எழுதுவது என்று கடைசி வரை நடத்திக் காட்டுவார்கள். நிஜமான டோஸ்ட் வராது. ஆனால் பயம் போய்விடும். அதை முடித்த பிறகு, எளிய வேலை என்று குறியிட்டு வைத்திருக்கும் பதிவுகளில் ஒன்றை எடுங்கள்.

ஜாங்கோவின் செய்திகளைத் தமிழிலும் மொழிபெயர்க்கலாம். தமிழுக்கென்று கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. நானும் அதில் சில வரிகளை முயன்று பார்த்தேன். பிழைச் செய்தியைப் பயனரைத் திட்டாமல் தமிழில் எழுதுவது நல்ல பயிற்சி. 2023-இல் தொடங்கிய ஜாங்கோநாட் ஸ்பேஸ் என்ற திட்டத்தில் புதியவர்களைச் சிறு குழுவாக்கி வழிகாட்டியோடு சேர்த்துவிடுகிறார்கள். விண்ணப்பித்துப் பாருங்கள். ஆங்கிலத்தைப் பற்றி: குட்டி வாக்கியங்களாக எழுதுங்கள். என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. அந்த மூன்று வரியை ஒழுங்காக எழுதாத ஆங்கிலப் புலிகள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

கேள்வி: அது ஏன் 'ஜாங்கோ' என்று பெயர்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார் மேதையின் பெயர். தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் கிதாரில் உலகப்புகழ் பெற்றவர். ஹோலோவாட்டியும் கிதார் வாசிப்பவர்; அந்தப் பிரியம்தான்.

கேள்வி: எல்லாம் இலவசம் என்றால் இவர்களுக்குச் சோறு யார் போடுவது? (சேலம் வாசகர்)

பதில்: நியாயமான கேள்வி. 2008-இல் ஜாங்கோ அறக்கட்டளை உருவானது. நிறுவனங்களும் தனி ஆட்களும் தரும் நன்கொடையில் அது நடக்கிறது. 2014-இன் பிற்பகுதியில் டிம் கிரஹாம் என்பவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். 'ஃபெலோ' என்பது பதவியின் பெயர். இன்றும் அந்தப் பதவி இருக்கிறது.

அந்தச் சம்பளம் எதற்கு என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். புதிய வசதிகளைக் கட்டுவது ஃபெலோவின் முதன்மை வேலை இல்லை. வரும் பதிவுகளைச் சலிப்பது, பிறர் அனுப்பியதைப் படித்துத் திருத்தம் சொல்வது, பாதுகாப்புக் குறைகளைக் கவனிப்பது, வெளியீட்டை நேரத்துக்குக் கொண்டுவருவது. ஆர்வத்தில் யாரும் செய்துவிடும் வேலைக்குக் காசு வேண்டாம்; தன்னார்வலர்கள் களைத்து விட்டுவிடும் வேலைக்குத்தான் வேண்டும் என்று கண்டுகொண்டார்கள். ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற ஒழுங்கு அதனால்தான் குலையாமல் இருக்கிறது. நம் ஊர் நிறுவனங்கள் பல ஜாங்கோவை வைத்துப் பிழைக்கின்றன. அவற்றில் எத்தனை இந்த உண்டியலில் காசு போட்டிருக்கும் என்று கேட்டு வம்பை விலைக்கு வாங்க விரும்பவில்லை.

கேள்வி: பெயர் வேண்டாம், அம்மா. ஈரோட்டிலிருந்து எழுதியவர் என் கூட்டாளிதான். வெளியாட்களிடம் உரிமையைக் கொடுக்கலாம் என்கிறார். நாங்கள் இரவு பகலாகக் கட்டியது. கண்டவர்கள் கையில் கொடுத்தால் கெட்டுவிடாதா? (அதே ஊர் வாசகர்)

பதில்: கடிதம் வந்த வேகத்தைப் பார்த்தால், அலுவலகத்தில் காரசாரமாகத்தான் இருக்கும் போலிருக்கிறது.

கண்டவர்கள் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒழுங்காக நிரல் அனுப்பி, பிறருடையதைப் பொறுப்பாகச் சரிபார்த்தவரிடம் ஒரு சிறு பகுதியைக் கொடுங்கள். தவறு செய்தால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் அதற்குத்தானே இருக்கிறது? ஹோலோவாட்டியும் கப்லன்-மாஸும் 2014 ஜனவரியில் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து தாங்களாகவே விலகினார்கள். ஜாங்கோ நின்றுவிடவில்லை. 2020-இல் இன்னும் ஒரு படி போனார்கள்: மூலநிரலில் மாற்றம் செய்யும் உரிமை பெற்றிருந்த 'கோர்' குழுவையே கலைத்தார்கள். அந்தப் பட்டம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எட்டாத உயரமாகத் தெரிந்தது. பட்டம் வைத்திருந்த பலரோ வேலை செய்வதை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பதிலாக, திருத்தங்களைச் சேர்ப்பவர், வெளியீடு செய்பவர் என்று குறிப்பிட்ட வேலைக்கான பொறுப்புகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பைத்தான் தொகுப்புகளை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் தளமான பைபிஐயில் உங்கள் தொகுப்பை வெளியிடும் கணக்கு யாரிடம் இருக்கிறது? உங்கள் ஒருவரிடம் மட்டும் என்று ஊகிக்கிறேன். அங்கே இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். உங்கள் அலைபேசி தொலைந்தால் மூவருக்கும் கதவு மூடிக்கொள்ளும். மீட்புக் குறியீடுகளை அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கூட்டாளியையும் உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள். அதற்கு வசதி இருக்கிறது. உங்கள் இணையதள முகவரியின் பதிவைச் சொந்த மின்னஞ்சலிலிருந்து குழுவின் பொது மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள். இதையெல்லாம் செய்ய வெளியாள் யாரும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.