எச்110 போர்டில் ஐ5-8400 ஓடாது

வணக்கம். கோலாலம்பூர் லோயாட் கணினிக் கடைத்தொகுதியில் வாங்கிய பழைய எச்110 மதர்போர்டில் இன்டெல் ஐ5-8400 சிப்பை (பிராசஸர்) மாட்டியும் திரையில் ஒன்றும் வரவில்லை, சிப் உட்காரும் சாக்கெட்டைப் படமெடுத்தால் மங்கலாக விழுகிறது என்கிறீர்கள். போர்டு போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். இரண்டும் 1151 சாக்கெட்தான், சிப் சரியாக உட்காரும். ஆனால் எச்110 ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் சிப்புகளுக்கு உரியது. 8400 எட்டாம் தலைமுறை, அதற்கு எச்310, பி360 மாதிரி போர்டு வேண்டும். போர்டை வைத்துக்கொண்டு பழைய ஆறாம் தலைமுறை ஐ5-6500 தேடுவதே மலிவு. ஏழாம் தலைமுறை ஐ5-7500 என்றால் முதலில் பயாஸை (போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருள்) புதுப்பிக்க வேண்டியிருக்கலாம், போர்டை ஓடவைக்கக் கையில் வேறு சிப் இல்லாதபோது அது பெரிய தொல்லை.

அப்புறம் படம். ஃபிளாஷை அணைத்துவிட்டு போர்டை ஜன்னலோரம் வையுங்கள். போனை மிக நெருக்கமாகக் கொண்டுபோனால் ஃபோகஸ் ஆகாது. ஓரடி தள்ளி, இரண்டு மடங்கு ஸூம் செய்யுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் சாக்கெட்டில் வளைந்த ஊசி ஏதும் இருந்தால் தனியாகத் தெரியும். எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.