காசுக்கு ஆசைப்பட்டவர்

கேள்வி: ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங், அமெச்சூர் வீரராகவே கௌரவமாக இருந்திருக்கலாம். காசுக்கு ஆசைப்பட்டுத் தொழில்முறைக்குப் போய் என்னத்தைச் சாதித்தார்? (பதிலுக்குத் தபால்தலை இணைத்துள்ளேன்.)
— ஒரு வாசகர், அரக்கோணம்

பதில்: ‘காசுக்கு’ என்று எழுதும்போது பேனாவை அழுத்தியிருக்கிறீர்கள். தாளின் பின்பக்கம் வரை பதிந்திருக்கிறது. இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் பாதி இதே குற்றப்பத்திரிகைதான். பாடகர் காசு கேட்டார், பட்டிமன்றப் பேச்சாளர் கார் கேட்டார், எழுத்தாளர் சன்மானம் வரவில்லை என்று கேட்டே விட்டார். அரிசி மண்டிக்காரர் காசு வாங்குகிறார் என்று மட்டும் இதுவரை ஒருவரும் எழுதியதில்லை.

காசுக்குப் பதிலாக நாம் கண்டுபிடித்த பொருள் பொன்னாடை. நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் ஒரு மணி நேரம் பேசினால் ஒன்று போர்த்துவார்கள். பஸ் டிக்கெட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். போன பொங்கலுக்கு பீரோவைச் சுத்தம் செய்தபோது எண்ணினேன், 43 இருந்தன. எங்கள் தெரு ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கூடக் கேட்டபோது, புத்தம் புதிதாக ஒன்றை எடுத்து நீட்டிப் பார்த்தேன். விரித்து, ஜரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு மடித்துக் கையிலேயே கொடுத்தார். “வண்டி துடைக்க ஏற்கெனவே ரெண்டு இருக்கு சார்” என்றார். இருபது ரூபாயையும் வாங்கிக்கொண்டுதான் போனார். அவர் தொழில்முறை.

காசு வாங்காமல் ஆடுபவனே, அதாவது அமெச்சூரே, உயர்ந்தவன் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியில் 1879இல் ஒரு விதி போட்டார்கள். மெக்கானிக், கைவினைஞர், கூலித் தொழிலாளி எவரும் அமெச்சூர் ஆக மாட்டார். அதாவது, கைவேலை செய்து சாப்பிடுகிறவன் எங்களோடு துடுப்புப் போட வராதே. துரைமார் ஏற்பாடு அது. (அமெச்சூரை ‘கத்துக்குட்டி’ என்று மொழிபெயர்க்கிறவர்களோடு எனக்குப் பழைய தகராறு உண்டு. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவன் எப்படி ஐயா கத்துக்குட்டி?)

சரி, விஜேந்தர். ஹரியானாவில் பிவானி அருகே காலுவாஸ் கிராமம். அப்பா ஹரியானா ரோட்வேஸில் பஸ் ஓட்டியவர். அண்ணன் மனோஜ் குத்துச்சண்டை ஆடி, அதை வைத்தே ராணுவத்தில் வேலை வாங்கினார். அதைப் பார்த்துத்தான் தம்பியும் கையுறை மாட்டினார். அந்த வீட்டில் குத்துச்சண்டை முதல் நாளிலிருந்தே சோற்றுக்கான வழி. நம் நாட்டில் அமெச்சூர் வீரர் என்றால் ரயில்வேயிலோ போலீஸிலோ மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு மைதானத்தில் இருப்பவர். விஜேந்தர் ஹரியானா போலீஸில் டிஎஸ்பி. தொழில்முறை வீரருக்கோ அப்படி மாதா மாதம் கவர் வராது. ஆடினால் காசு, அடிபட்டுப் படுத்தால் செலவு. காசுக்கு ஆசைப்படுகிறவர் எதை முதலில் தேர்ந்தெடுப்பார், நீங்களே சொல்லுங்கள்.

இதில் வேடிக்கை, அந்த டிஎஸ்பி வேலையை ராஜினாமா செய்ய வைத்தது குத்துச்சண்டை அல்ல, தேர்தல். 2019இல் தெற்கு டெல்லியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று மூன்றாம் இடம் வந்தார். 2024 ஏப்ரலில் பாஜகவில் சேர்ந்தார். அரசியலிலும் தொழில்முறைக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் வருத்தம் வேறு. அவர் போனது தப்பில்லை, தாமதமாகப் போனார். 2008 பெய்ஜிங், 75 கிலோ பிரிவின் பதக்க மேடையை நினைத்துப் பாருங்கள். குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் என்பதால் மேடையில் நான்கு பேர். தங்கம் இங்கிலாந்தின் ஜேம்ஸ் டிகேல். வெள்ளி கியூபாவின் எமிலியோ கொரியா. வெண்கலம் விஜேந்தருக்கும் அயர்லாந்தின் டேரன் சதர்லாந்துக்கும். கொரியாதான் அரையிறுதியில் விஜேந்தரை 8-5 என்று தோற்கடித்தவர். இறுதிப் போட்டியில் அவர் டிகேலின் மார்பைக் கடித்துவைத்தார். அதற்கு இரண்டு புள்ளி அபராதம். முடிவு 16-14. குத்தி எடுத்ததை எல்லாம் ஒரு கடியில் விட்டார். அவர் ஊரில் அப்போது தொழில்முறைக்குப் போவதற்கு வழியே கிடையாது, 1962இல் காஸ்ட்ரோ அரசு போட்ட தடை 2022 வரை நீடித்தது. சதர்லாந்து தொழில்முறைக்குப் போய் நான்கு போட்டிகளும் வென்றார். 2009 செப்டம்பரில் லண்டனில் உயிரை மாய்த்துக்கொண்டார், வயது 27. இதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

டிகேல் ஒலிம்பிக் முடிந்த ஆறே மாதத்தில், 23 வயதில், தொழில்முறைக்குப் போனார். 2015 மே மாதம் ஐபிஎஃப் என்ற அமைப்பின் உலகச் சாம்பியன். நம்மவர் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அதற்கு அடுத்த மாதம். அக்டோபரில் மான்செஸ்டரில் முதல் போட்டி, அந்த மாதக் கடைசியில் முப்பது வயது. நடுவில் போன ஏழு வருடத்தில் சீனாவின் குவாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கம், பத்மஸ்ரீ, லண்டன் ஒலிம்பிக்கில் உஸ்பெகிஸ்தானின் அட்டோயெவிடம் 13-17 என்று தோல்வி. கௌரவத்துக்குக் குறைவில்லை. ஒரு குத்துச்சண்டை வீரனின் நல்ல வயது அப்படியே போயிற்று. பெய்ஜிங் காலிறுதியில் விஜேந்தரிடம் 4-9 என்று தோற்ற ஈக்வடாரின் கார்லோஸ் கோங்கோராவே 2020இல் ஐபிஓ என்ற சின்ன அமைப்பின் உலகச் சாம்பியன் பெல்ட்டை இடுப்பில் கட்டிவிட்டார்.

பெல்ட் என்றதும் மறுபடி பொன்னாடை ஞாபகம் வருகிறது. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு பெரிய அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உலகச் சாம்பியன், அவருக்குக் கீழே வட்டாரத்துக்கு ஒரு பெல்ட். நம் ஊர் தமிழ்ச் சங்கங்கள் கொடுக்கும் பட்டங்களைப் போலத்தான். விஜேந்தருக்குக் கிடைத்தது ஆசிய பசிபிக் பெல்ட். 2016 ஜூலையில் டெல்லியில் கெர்ரி ஹோப்போடு பத்துச் சுற்றும் நின்று வாங்கினார். அமெச்சூரில் மூன்றே சுற்று, இங்கே பத்து. முப்பது வயதில் அதைப் பழகியது லேசான காரியமல்ல. அடுத்த ஆண்டு மும்பையில் சீன வீரரைத் தோற்கடித்தபோது எல்லையில் டோக்லாம் என்ற இடத்தில் இரு நாட்டு ராணுவமும் முறைத்துக்கொண்டு நின்றன. சமாதானத்துக்காக அவரிடமே பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்க முன்வந்த ஒரே இந்தியர் என்ற வகையில் எனக்கு அவர் மேல் மரியாதை அதிகம்.

2021இல் கோவாவில், சூதாட்டக் கப்பல் ஒன்றின் மேல்தளத்தில், லோப்சான் என்ற நெட்டையான ரஷ்யர் ஐந்தாவது சுற்றில் அவரைச் சாய்த்தார். அதுவே முதல் தோல்வி. அடுத்த ஆண்டு ராய்ப்பூரில் ஒரு வெற்றி. மொத்தம் 14 போட்டி, 13 வெற்றி. என்ன சாதித்தார் என்று கேட்டீர்களே, இதுதான் கணக்கு. பெரும்பாலான எதிராளிகள் பெரிய பெயர் இல்லாதவர்கள் என்பதும் உண்மை.

அப்புறம், உங்கள் தபால்தலையைத் திருப்பி அனுப்பவில்லை. எடுத்துக்கொண்டேன். வேண்டுமானால் ஒரு பொன்னாடை அனுப்புகிறேன்.