மூடிய ஆலைகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சேலத்துக்காரன், வேலை ஓசூரில். மூடிக் கிடக்கும் தொழிற்சாலைகளைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. நம் ஊர்ப் பக்கம் ஒரு நூற்பாலை, ஆத்தூர் சாலையில் ஒரு ஜவ்வரிசி ஆலை, ஏற்காடு போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவு என்று நிறைய எடுத்திருக்கிறேன். சில படங்களை இணைத்துள்ளேன். ஜெர்மனியின் பெர்ன்ட் - ஹில்லா பெக்கர் தம்பதியின் படங்கள்தான் எனக்கு முன்மாதிரி. "அடுத்தவன் அழிவை அழகாக்கிக் காட்டுகிறாய்" என்று நண்பர் ஒருவர் திட்டுகிறார். அவர் சொல்வது சரியா? இந்த மாதிரிப் படங்களுக்குக் கறுப்பு வெள்ளைதானே பொருத்தம்? இடங்களின் பெயரை வெளியே சொல்லலாமா? நூற்பாலையில் காவலாளிக்கு இருநூறு ரூபாய் கொடுத்து உள்ளே போனேன். நினைவாக ஒரு பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து வந்தேன், அதன் படமும் இருக்கிறது. என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

படங்கள் நன்றாக இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதியில் பாதி திட்டு.

கறுப்பு வெள்ளையா கலரா என்பது உங்கள் இஷ்டம். நண்பர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அழகாக இருப்பதை அழகாக எடுப்பதில் பாவம் ஒன்றுமில்லை. இடத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த வாரம் அங்கே கேமராக்காரன் வரமாட்டான், காப்பர் ஒயர் அறுக்கிறவன்தான் வருவான்.

என்னை உறுத்தியது படங்களின் கீழே நீங்கள் எழுதியிருக்கும் வரிகள். 'காலம் தின்ற கூடம்.' 'இயற்கை திரும்ப எடுத்துக்கொண்ட இடம்.' யார் சொன்னது? நம் ஊரில் ஒரு கட்டடத்தைத் தின்ன காலத்துக்கு யார் வாய்ப்புக் கொடுக்கிறார்கள்? ஒரு ஆலை மூடினால் முதலில் மோட்டார் போகும், அப்புறம் செம்பும் பித்தளையும் போகும். இயந்திரத்தைச் சின்ன மில்காரன் வாங்குவான், அவன் வேண்டாம் என்றதைப் பழைய இரும்புக் கடைக்காரன் எடை போடுவான். கூரைத் தகடு, தேக்கு உத்தரம், ஜன்னல், கடைசியில் செங்கல். அதற்குள் நிலத்தில் மனைக்கல் நட்டிருப்பார்கள். மாடர்ன் தியேட்டர்ஸையே பாருங்கள். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கியது, நூற்றுக்கு மேல் படம் எடுத்த இடம். இன்று அங்கே வீடுகள். வளைவு மட்டும் நிற்கிறது. இடிபாடு எங்கே இருக்கிறது? ஜவ்வரிசி ஆலைக் கதையும் அதேதான், ஆலை நின்றாலும் காயப்போடும் களம் சும்மா கிடக்காது, மக்காச்சோளமாவது காயும்.

அப்படியானால் உங்கள் நூற்பாலை மட்டும் எப்படி அப்படியே நிற்கிறது? உங்கள் நான்காவது படத்தில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் முழுசாக இருக்கிறது. மேலே பாபின் மாட்டும் கிரீலில் பாபின்கூட இருக்கிறது. விற்ற ஆலை என்றால் அந்த இடத்தில் தரையில் வரிசையாகத் துருப்பிடித்த போல்ட்டுகள் மட்டும்தான் நீட்டிக்கொண்டிருக்கும். இயந்திரம் அசையாமல் இருக்கிறது என்றால் ஒரே அர்த்தம்தான்: வழக்கு நடக்கிறது. நீங்கள் படம் எடுத்தது காலத்தை அல்ல தம்பி, வழக்கை. வங்கிக்கும் முதலாளிக்கும், அண்ணனுக்கும் தம்பிக்கும், கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருக்கும் வழக்கை. அரச மரம் சுவரைப் பிளந்து வளர்ந்திருப்பது, வாய்தா அத்தனை தடவை தள்ளிப்போயிருக்கிறது என்பதால்.

இது என் கற்பனை அல்ல, சட்டமே இருந்தது. நலிந்த தொழில் நிறுவனங்களுக்காக 1985இல் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி வந்த வாரியத்தை எல்லோரும் பி.ஐ.எஃப்.ஆர். என்பார்கள், 1987இல் வேலையைத் தொடங்கியது. ஒரு கம்பெனி அங்கே போய்விட்டால், 22ஆம் பிரிவின்படி, வாரியம் அனுமதிக்காமல் யாரும் அதன் சொத்தை ஜப்தி செய்ய முடியாது, கடனை வசூலிக்க வழக்குப் போட முடியாது. காப்பாற்றத்தான் அந்தப் பிரிவு. நடந்தது என்னவென்றால், ஓடவும் முடியாமல் சாகவும் முடியாமல் ஆலைகள் வருடக் கணக்கில் கிடந்தன. 2016 கடைசியில் அந்தச் சட்டமே போய்விட்டது. அதற்குள் நாடு முழுக்க உங்களைப் போன்றவர்களுக்கு வேண்டிய அளவு பாழடைந்த ஆலைகளைத் தயாரித்துக் கொடுத்துவிட்டது.

பெக்கர் தம்பதி என்கிறீர்கள். அவர்களுடைய படங்களில் பல, ஓடிக்கொண்டிருந்த ஆலைகளைப் போய் எடுத்தவை, அது தெரியுமா? மூடட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்கள் நாட்டு எஸ்ஸென் நகரின் ஸோல்ஃபராய்ன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் நின்றது, 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கே துருவைக்கூடச் சம்பளம் கொடுத்துப் பராமரிக்கிறார்கள். இங்கே பராமரிப்பது கோர்ட் சீல். இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தால் எப்படி?

இன்னொன்று. 'தெய்வீகமான மென்மையான ஒளி' என்று ஒரு படத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். கூரை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குகிறதே, அதில் கண்ணாடி வைத்த பக்கம் வடக்கு. வெயில் நேராக விழக்கூடாது, நிழலும் விழக்கூடாது, நாள் முழுக்க ஒரே வெளிச்சம் வேண்டும். எதற்கு? இழை அறுந்தால் அதைப் பிணைக்கும் தொழிலாளியான சைடரின் கண்ணுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதற்கு. தெய்வம் எதுவும் அங்கே வரவில்லை, ஒரு என்ஜினியர் கணக்குப் போட்டுக் கொண்டுவந்த ஒளி அது. என் பெரியப்பா அந்த ஒளியில்தான் வாழ்நாளைக் கழித்தார்.

பெரியப்பா ஒரு நூற்பாலையில் சைடர். ஃபிரேமின் ஒரு பக்கம் முழுக்க நடந்துகொண்டே அறுந்த இழைகளைப் பிணைப்பது வேலை. வீட்டில் டம்ளரைக் கையில் எடுத்தால்கூட விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார், இழை தேடுகிற விரல். பேரைக் கேட்டால் டோக்கன் நம்பரைச் சேர்த்துச் சொல்வார். ஆலை ஒரு நாள் கதவடைத்தது. திறப்பார்கள் திறப்பார்கள் என்று பல வருடம் போயிற்று. கடைசியில் கம்பெனியைக் கலைக்க உத்தரவாகி, சொத்து, அதை விற்றுப் பாக்கிகளைத் தீர்க்கும் அதிகாரியான அஃபீஷியல் லிக்விடேட்டர் கைக்குப் போனது. தொழிலாளிகள் தங்களுக்கு வர வேண்டியதைக் கேட்டு மனு போடலாம் என்றார்கள். கிராஜுவிட்டி என்றால் என்ன கணக்கு? அப்போது இருந்தது 1972ஆம் வருடச் சட்டம். 5 வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். ஆக எத்தனை வருடம் என்பதுதான் எல்லாமே.

பெரியப்பா பெர்மனன்ட் ஆவதற்கு முன்னால் பல வருடம் பதலி. யாராவது லீவு போட்டால் அன்றைக்கு வேலை, இல்லாவிட்டால் கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். அந்த வருடங்களைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி மனுவில் எழுதினார். ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் எங்கே இருக்கும்? மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில். மஸ்டர் ரோல் எங்கே? டைம் ஆபீஸ் அலமாரியில் இருக்க வேண்டும். திறந்து பார்த்தபோது அலமாரி இருந்தது, அதில் ஒரு நோட்டுகூட இல்லை. பழைய பேப்பருக்குப் போட்டார்களோ, உங்களை மாதிரி ஒருவர் நினைவாக எடுத்துப்போனாரோ. அந்த வருடங்கள் கணக்கில் வரவே இல்லை.

இப்போது உங்கள் கடைசிப் படத்துக்கு வருகிறேன். பதிவேட்டை ஃபிரேமின் மேல் விரித்துவைத்து, ஓரத்தில் பழுப்பு வெளிச்சம் படும்படி எடுத்திருக்கிறீர்கள். ஓடுகிற இயந்திரத்தின் மேல் எந்த மேஸ்திரியும் நோட்டு வைக்க மாட்டார், அதை விடுங்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரம் டோக்கன் நம்பர், அடுத்தது பேர், அப்புறம் தேதிக் கட்டங்களில் வந்த நாளுக்குப் பி, வராத நாளுக்கு ஏ என்று வரிசை. கீழே சிவப்பு மையில் கோடு போட்டுப் 'பதலி' என்று தனித் தலைப்பு. அதன் கீழே பேர்கள் இருக்கின்றன. கட்டங்களில் பாதிக்கு மேல் காலி, இடையிடையே பி.

அதை உங்கள் அறையில் அலங்காரமாக வைத்திருக்கிறீர்கள். தம்பி, அது திருட்டு. சீல் வைத்த இடத்திலிருந்து எடுத்ததால் மட்டும் சொல்லவில்லை. அந்தப் பேர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ, அவர்களுடைய மனு எந்த நிலையில் இருக்கிறதோ. தொழிலாளிப் பாக்கிக்கு, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிக்குச் சமமான இடம் உண்டு என்று 1985இல் கம்பெனிச் சட்டத்தில் சேர்த்தார்கள். 2016இல் வந்த திவால் சட்டம் அந்தச் சமத்தை, கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய 24 மாதப் பாக்கியோடு நிறுத்தியது. சட்டம் எதுவானாலும் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். வங்கியிடம் தாள் கட்டுக்கட்டாக இருக்கிறது. இவர்களுக்கு இருந்த தாள் உங்களிடம்.

இருநூறு ரூபாய்க்கு வருகிறேன். பதிவேடு காணோம் என்று யாராவது கேட்டால் மாட்டப்போவது அந்தக் காவலாளிதான், நீங்கள் ஓசூரில் இருப்பீர்கள். மூடிய ஆலைக் காவலாளியாக நிற்கிறவர் பல இடங்களில் அதே ஆலையின் பழைய தொழிலாளிதான். அவருக்கும் பாக்கி இருக்கலாம், அவர் பேரே அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கலாம். நீங்கள் கேட்டீர்களா? ஒளி பார்க்க நேரம் இருந்திருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தில் நீங்கள் மறைக்காமல் எழுதியதால்தான் இதையெல்லாம் எழுத முடிந்தது. படம் எடுப்பதை நிறுத்த வேண்டாம். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கிடக்கும் இடத்தில் மட்டும் தூசி கிளப்பாதீர்கள், அந்தக் கூரை மேல் ஏறவே ஏறாதீர்கள்.

பதிவேட்டை அஞ்சலில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். பெரியப்பாவோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் அம்மாபேட்டையில் இருக்கிறார், சங்கத்து ஆள். எந்த ஆலை வழக்கு எங்கே நிற்கிறது, யாரிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது எனக்குப் போன் செய்யுங்கள், கூட்டிப் போகிறேன். முதல் அரை மணி நேரம் என்னைவிட மோசமாகத் திட்டுவார். ரிங் ஃபிரேம் படங்களைப் பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு எடுத்து வாருங்கள், அப்புறம் உங்களை அவர் விடமாட்டார்.