மாஸ்ரரிடம் கேளுங்கோ: அவசரப்பட்டு மூடாதேங்கோ

கேள்வி: ஒன்ராறியோவில் மகளின் வீட்டு வளவில் இரண்டு அப்பிள் மரம் நிற்கிறது. புரட்டாசி பிறந்தால் பழம் கொட்டிக் கிடந்து அழுகுகிறதாம். மருமகன் அதில் சைடர் என்கிற அப்பிள் மது போடவேணும் என்று நிற்கிறார். ஆவணியில் நானும் அங்கே போகிறேன். கள்ளைப் பற்றிக் கேட்டால் சொல்லுவேன். சைடர் எனக்குப் புதிது. எங்கே தொடங்குவது?
- வாசகர், கோண்டாவில்

கள்ளைத் தெரிந்த ஆளுக்குச் சைடரில் முக்கால்வாசி தெரியும். எங்கட சீவல்தொழிலாளி கடையில் ஈஸ்ற் வாங்கி முட்டிக்குள் போடுவதில்லை. முட்டியில் ஒட்டியிருக்கிற நேற்றைய கள்ளே இன்றைய பாளைநீரை நொதிக்க வைத்துவிடும். உள்ளே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் ஈஸ்ற் எழும்பாது, கருப்பநீர் இறங்கும். அப்பிள் சாறும் இதே கதைதான். சாற்றில் உள்ள சீனியை ஈஸ்ற் தின்று, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் விடுகிறது. கள்ளு ஒரு இரவில் முடிக்கிற வேலையைச் சைடர் இரண்டு மாதம் எடுத்துச் செய்யும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கிறேன். கனடாவில் தோட்டத்துக் கடைகளில் 'அப்பிள் சைடர்' என்று எழுதி விற்பது நொதிக்காத, கலங்கின சாறு. முதல் தடவை மகனிடம் போனபோது, பேரன் அதை வாயில் வைக்கப் போக, எட்டிப் பறித்துவிட்டேன். கடைக்காரப் பெண் உட்பட எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் வருடம் அந்த இரண்டு மரத்தையும் மறந்துவிடச் சொல்லுங்கோ. பழத்தை அரைத்து, பிழிந்து, வடித்து எடுக்கிற பாடு சும்மா பாடில்லை. நல்ல பிழிபொறி இருந்தாலே பத்துக் கிலோ பழத்தில் ஐந்து லீற்றர் அளவில்தான் சாறு தேறும். கடையில் நாலு லீற்றர் சாறு வாங்கித் தொடங்கட்டும். போத்தலின் பின்பக்கத்தை வாசித்துத்தான் வாங்கவேணும். பொட்டாசியம் சோபேற், சோடியம் பென்சோவேற் இரண்டில் எது இருந்தாலும் வேண்டாம். எங்கட சுண்ணாம்பு செய்கிற வேலையைத்தான் அவையும் செய்யும். விற்றமின் சி சேர்த்திருந்தால் பரவாயில்லை. கிருமி நீக்கச் சூடாக்கின சாறும் நல்லதுதான், போட்டியில்லாமல் உங்கட ஈஸ்ற் மட்டும் வளரும்.

கழுத்து ஒடுங்கின ஐந்து லீற்றர் கண்ணாடிச் சாடி ஒன்று வேணும். சைடர், வைன் போடுகிறவர்களுக்கான ஈஸ்ற் ஐந்து கிராம் பக்கற்றாக வரும்; பாதி போதும். பாண் ஈஸ்ற்றும் வேலை செய்யும், ஆனால் பாண் வாசம் போகாது. சாடி, குழாய், அகப்பை எல்லாவற்றையும் கிருமிநீக்கித் தூளில் அலசவேணும். சீவலில் முட்டி கழுவாதது நன்மை. இங்கே அதுவே வினை. சாடியை விளிம்புவரை நிரப்பாமல் நுரைக்கு இடம் விட்டு, வாயில் தண்ணீர் நிற்கிற வளைந்த குழாய் அடைப்பான் ஒன்றைச் செருகவேணும். உள்ளேயிருக்கிற வாயு குமிழி விட்டு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. அடைப்பான் இரண்டு மூன்று டொலர்தான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

15 முதல் 20 பாகை வரை உள்ள இடம் நல்லது. இரண்டு மூன்று கிழமையில் கொதிப்பு அடங்கி அடியில் மண்டி படியும். மண்டி கலங்காமல் மெல்லிய குழாயால் வேறு சாடிக்கு இறக்கி, தெளியும்வரை இன்னும் ஒரு மாதம் விடுங்கோ. இந்த ஒரு மாதம்தான் ஆட்களுக்கு ஏலாது. மூடியைத் திறந்து மணக்கிறது, கரண்டி விட்டுப் பார்க்கிறது, அயலட்டைக்குக் காட்டுகிறது. ஒவ்வொரு திறப்புக்கும் கொஞ்சம் காற்று உள்ளே போகும்.

ஒரு நீரமானி வாங்கினால் நல்லது. பால்ச் சங்கத்தில் பாலுக்குள் மிதக்கவிட்டுப் பார்க்கிற கண்ணாடிக் குழாயின் தம்பி அது. சாற்றில் சீனி குறையக் குறைய அது காட்டுகிற எண்ணும் இறங்கும். சாறு முதல் நாளில் 1.050 காட்டி, முடிவில் 1.000 காட்டினால், இடைவெளியான 0.050ஐ 131 ஆல் பெருக்குங்கோ: மதுசாரம் ஏறத்தாழ 6.5 வீதம். சீனி முழுக்கப் போய்விடுவதால் சைடர் இனிக்காது. மருமகன் கடைச் சைடரின் தித்திப்பை நினைத்துக்கொண்டு குடித்தால் முகம் சுளிப்பார், இப்பவே சொல்லி வையுங்கோ.

ஒன்ராறியோவில் வயது வந்தவர்கள் சொந்தப் பாவனைக்கு வீட்டில் போடலாம். விற்கவோ வடித்துச் சாராயமாக்கவோ கூடாது.

கேள்வி: இங்கேயும் கடைகளில் அப்பிள் சாறு விற்கிறார்கள். எங்கட முந்திரிகைத் தோட்டத்திலும் பழம் மலிவாகக் கிடைக்கிற காலம் இருக்கிறது. வீட்டிலேயே போட்டுப் பார்த்தால் என்ன?
- வாசகர், சுன்னாகம்

வேண்டாம் தம்பி. 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் மது செய்வது குற்றம். சட்டத்தை விட்டாலும் எங்கட 30 பாகை வெக்கையில் ஈஸ்ற் தலைதெறிக்க ஓடி, வார்னிஷ் மாதிரி ஒரு நாற்றத்தை விட்டுவிட்டுப் போகும். முந்திரிகையைப் பிழிந்து சீனி போட்டுக் குளிரக் குடியுங்கோ.

கேள்வி: பிரான்சில் இருக்கிற தம்பி போட்ட சைடர்ப் போத்தல்கள் இரண்டு வெடித்து, குசினிச் சுவரெல்லாம் கண்ணாடி. குமிழி நின்ற பிறகுதான் மூடினவனாம். பிழை எங்கே?
- வாசகி, கரவெட்டி

ஆருக்கும் காயம் இல்லையே, அது போதும்.

இந்தப் பிழையை நானும் விட்டவன். மகனின் வீட்டு பேஸ்மன்றில் வைத்த சாடி பன்னிரண்டாம் நாள் குமிழி விடாமல் நின்றது. முடிந்தது என்று நினைத்துக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து இறுக்கிவிட்டேன். உண்மையில் பேஸ்மன்ற் குளிர்ந்ததில் ஈஸ்ற் நித்திரை. அடுத்த கிழமை குளிர் கூட, மகன் ஹீற்றரைக் கூட்டினான். இரவு இரண்டு மணிக்கு முதல் போத்தல் வெடித்தது. ரொறன்ரோ என்பது மண்டைக்கு எட்டமுன் நான் கட்டிலுக்குக் கீழே படுத்துவிட்டேன். மனைவி எனக்கு முதலே அங்கே இருந்தா. பேரப்பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. மகனுக்கு விளங்கினது, அவன் சிரிக்கவில்லை.

கணக்கு இதுதான். ஒரு லீற்றரில் நாலு கிராம் சீனி நொதித்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வாயு வரும். இருபது கிராம் சீனி மிச்சமிருக்க மூடினால் ஐந்து லீற்றர் வாயு ஒரு லீற்றர் போத்தலுக்குள் அடைபடவேணும். சாதாரண கண்ணாடி தாங்காது. ஆகவே குமிழியை நம்பாமல் நீரமானியை நம்பச் சொல்லுங்கோ: மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தரம் பார்த்து, 1.000க்குக் கிட்ட அசையாமல் நின்றால்தான் முடிந்தது. நுரைக்கிற சைடர் வேணும் என்றால் அதற்குப் பிறகு லீற்றருக்கு ஆறு ஏழு கிராம் சீனியை அளந்து போட்டு மூடலாம். முதல் தடவை சோடா வந்த பிளாஸ்ரிக் போத்தல்தான் சரி. விரலால் அமத்திப் பார்க்க, கல்லுப் போல இறுகியிருந்தால் பிறிட்ஜுக்குள் வைத்துவிடலாம்.

கேள்வி: அடி மண்டியை என்ன செய்வது? சைடர் புளித்துப் போனால்?
- அதே வாசகி

காற்றுப் பட்டுப் புளித்தால் அது வினாகிரி. சலாட்டுக்கு விடலாம். ஊறுகாய்க்கு மட்டும் வேண்டாம், புளிப்பின் அளவு தெரியாமல் ஊறுகாய் போட்டால் பழுதாகும்.

மண்டி முழுக்க ஈஸ்ற். மனைவி அதில் இரண்டு கரண்டி அப்பமாவுக்குள் விட்டு, இரவு மூடி வைத்தா. காலையில் மா பொங்கி நின்றது. கள்ளு விட்ட அப்பத்துக்குக் கிட்டத்தான் வந்தது. விளிம்பு முறுகல், நடு மெத்து. மகன் ஆறு சாப்பிட்டுவிட்டு, அடுத்த சாடி எப்ப போடுகிறீர்கள் என்று கேட்டான்.